தாற்காலிக வாசிகள்

எண்ணூர்ப் பக்கம் பர்மா நகர் என்று ஓர் இடம் இருக்கிறது. வியாசர்பாடியில் பி.வி. காலனி, அந்த இரண்டு எழுத்துக்கும் விரிவு கேட்டால் பர்மா, வியட்நாம் என்பார்கள். கடற்கரை ரயில் நிலையத்தை அடுத்து, துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பர்மா பஜார். மாலை வேளையில் அந்தப் பக்கம் போனால், தள்ளுவண்டியில் அத்தோ என்ற பதார்த்தத்தைக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். வேகவைத்த நூடுல்ஸ், கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் அதில் உண்டு. கூடவே வாழைத்தண்டு போட்ட சூப்பு. அதையும் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சொந்த ஊரை விட்டுப் போகிறவர்கள், போன இடத்துக்குச் சொந்த ஊரின் பெயரை வைப்பது உலக வழக்கம். வெள்ளைக்காரன் அமெரிக்காவுக்குப் போய் நியூயார்க் என்று பெயர் வைத்தான். இங்கே நடந்தது தலைகீழ். ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் பர்மாவுக்குப் போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் தாய்நாட்டுக்குத் திரும்பி வந்தார்கள். வந்த இடத்துக்கு அந்நிய நாட்டின் பெயரை வைத்தார்கள். அப்படியானால் அவர்களுக்கு எது ஊர், எது அந்நியம்? இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டு போனால், அது கடைசியில் ஒரு காகிதத்தில் போய் முட்டுகிறது. அந்தக் காகிதத்தின் கதைதான் இது.

முதலில் காகிதமே இல்லாத காலத்தைச் சொல்லவேண்டும்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து மொரீஷியஸுக்கோ நேட்டாலுக்கோ கூலியாகப் போனவன் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தான், டெப்போவில் அடைபட்டுக் கிடந்தான், டாக்டர் பார்த்தார், குடியேற்ற அதிகாரி பார்த்தார். பர்மாவுக்குப் போனவனுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. 1886-ஆம் ஆண்டில் பர்மா முழுவதும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம் ஆகிவிட்டது. சென்னையிலிருந்து ரங்கூனுக்குப் போவது, சட்டத்தின் கண்ணுக்கு, சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போவது போலத்தான். கையில் ஒரு டெக் டிக்கெட், இடுப்பில் ஒரு முடிச்சு, தலையில் ஒரு மூட்டை. அவ்வளவுதான். மேல்தட்டில் பாயை விரித்துப் படுத்தால், சில நாட்களில் ஸ்வேடகோன் பகோடாவின் பொன் முடி தெரியும். ‘வெளிநாட்டுக்குப் போகிறோம்’ என்று அந்த மனிதனுக்குத் தோன்றவே இல்லை. தோன்றுவதற்கு நியாயமும் இல்லை.

போனவர்கள் எத்தனை பேர்? 1931-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி பர்மாவில் இந்தியர்கள் 10 லட்சத்துக்கு மேல். ரங்கூன் நகரத்தில் மொத்தம் 4 லட்சம் பேர் இருந்தார்கள் என்றால், அதில் 2 லட்சத்துப் 12 ஆயிரத்துச் சொச்சம் பேர் இந்தியர்கள். அதாவது பர்மாவின் தலைநகரில் பர்மாக்காரனே சிறுபான்மை! துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன் தெலுங்கன், வட்டிக்கடை வைத்திருப்பவர் செட்டியார், தபாலாபீசில் வங்காளி, காவலுக்குப் பஞ்சாபி.

இதைப் பார்த்து நம்மவர்கள் பெருமைப்பட்டுப் பல நூல்கள் எழுதியிருக்கிறார்கள். பர்மாக்காரன் இடத்திலிருந்து அதைப் பார்த்தவர்கள் குறைவு. 1930-ல் உலகமெங்கும் விலை வீழ்ந்தது. நெல் விலையும் விழுந்தது. கடன் வாங்கிய குடியானவனால் வட்டி கட்ட முடியவில்லை. நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-க்குள் அது 25 பங்கு ஆகிவிட்டது. அவர்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, பணம் வராததால் வந்து சேர்ந்தது என்பது உண்மையே. ஆனால் தாத்தன் உழுத வயலில் இன்று குத்தகைக்காரனாக நிற்பவனிடம் இந்த நுணுக்கத்தை எப்படி விளக்குவது? 1930-லும் 1938-லும் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராக மூண்ட கலவரங்களை வெறும் துவேஷம் என்று தள்ளிவிட முடியாது. அடி வாங்கியவர்கள் பெரும்பாலும் செட்டியார்கள் அல்ல, கூலிகள் என்பது வேறு விஷயம். கோபம் மாடியை நோக்கிக் கிளம்பினாலும், கை எட்டுவது தெருவில் நிற்பவனைத்தானே?

1937 ஏப்ரல் 1-ஆம் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. ஒருவரும் இடம் பெயரவில்லை, மூட்டை கட்டவில்லை, முதல் நாள் இரவு படுத்த பாயிலேயே மறுநாள் காலை கண் விழித்தார்கள். ஆனால் எல்லைக்கோடு அவர்கள் தலைக்கு மேலாகக் கடந்து போய்விட்டது.

உடனே ஒன்றும் மாறவில்லை. நான்கு வருஷம் கழித்து, 1941 ஜூலையில், இந்திய சர்க்காரின் சார்பில் கிரிஜா சங்கர் பாஜ்பாயும், பர்மாவின் பிரதம மந்திரி ஊ ஸாவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். தாற்காலிக வாசம் என்ற சங்கதி பர்மாத் தமிழனின் வாழ்க்கையில் அங்கேதான் முதலில் தலை காட்டுகிறது. இனிமேல் பர்மாவுக்குப் போகிற இந்தியனுக்கு இரண்டு வகை அனுமதி: ‘ஏ’ அனுமதி பெற்றவன் காலவரம்பில்லாமல் இருக்கலாம், ‘பி’ அனுமதி பெற்றவனுக்கு 3 ஆண்டு, கெஞ்சிக் கூத்தாடி நீட்டித்தாலும் மொத்தம் 9 ஆண்டுக்கு மேல் இல்லை. பர்மியப் பெண்ணை மணந்துகொண்டாலோ அவளோடு குடும்பம் நடத்தினாலோ அனுமதியை ரத்து செய்யவும் அதில் இடம் வைத்திருந்தார்கள். மகாத்மா காந்தி இதைக் கடுமையாகக் கண்டித்தார். இந்தியா முழுவதும் கூக்குரல் எழுந்தது. உடன்பாடு அமலுக்கு வருவதற்குள் யுத்தம் வந்துவிட்டது.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. அதன் பிறகு நடந்த நெடும் பயணத்தைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. தமு வழியாக மணிப்பூருக்கும், அரக்கான் வழியாகச் சிட்டகாங்குக்கும் நடந்து வந்தவர்கள் 4 லட்சத்துக்கு மேல். வழியில் காலராவிலும் பசியிலும் மாண்டவர்களை யாரும் சரியாக எண்ணவில்லை. நமது கதைக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான். அந்தக் காட்டு வழியில் உயிரைக் கொண்டுவந்ததே பெரிது; பிறப்புச் சான்று, வரி ரசீது, வாடகைச் சீட்டு இவற்றைக் கொண்டுவந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

யுத்தம் முடிந்ததும் அவர்களில் பலர் திரும்பிப் போனார்கள். ஆம், திரும்பிப் போனார்கள்! குண்டு விழுந்த ஊருக்கு, அடித்துத் துரத்திய ஊருக்கு எதற்காகப் போகவேண்டும் என்று கேட்கலாம். கடை அங்கே இருந்தது. பாக்கி அங்கே இருந்தது. பிறந்து வளர்ந்த தெரு அங்கே இருந்தது. இந்தத் தடவை துறைமுகத்தில் டெக் டிக்கெட் மட்டும் போதவில்லை. 1947-ல் பர்மா சர்க்கார் அவசர குடியேற்றச் சட்டம் செய்தது; அனுமதிச் சீட்டோ, விசா குத்திய பாஸ்போர்ட்டோ இல்லாமல் அந்நியன் உள்ளே வரக் கூடாது. 1948 ஜனவரி 4-ஆம் தேதி பர்மா சுதந்திரம் அடைந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டு மூன்று ஆண்டுகள்தான் இந்தச் சரித்திரத்தின் முடிச்சு என்பது என் எண்ணம். 1964-ல் நடந்ததெல்லாம் அந்த முடிச்சு இறுகியதுதான்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம். ரங்கூனில் சில்லறை மளிகைக் கடை. புருஷன், மனைவி, மூன்று குழந்தைகள். ஊரில், திருவாடானைப் பக்கம், வயதான தாயார், ஓர் ஓட்டு வீடு, கால் காணி நிலம். இந்தக் குடும்பத்தின் முன்னால் மூன்று வாசல்கள் திறந்திருந்தன.

முதல் வாசல், பர்மாப் பிரஜை ஆகிவிடுவது. புதிய அரசியல் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. பிரிட்டிஷ் ராஜ்யத்தில் எங்கே பிறந்தவனானாலும், சட்டம் அமலாகும் நாளுக்கு முந்திய 10 ஆண்டுகளில் 8 ஆண்டு பர்மாவில் வசித்திருந்தால் போதும். அல்லது 1942 ஜனவரி 1-க்கு முந்திய 10 ஆண்டுகளில் 8 ஆண்டு வசித்திருந்தால் போதும். ‘இங்கேயே நிரந்தரமாக இருப்பேன்’ என்று சொல்லி விண்ணப்பிக்கவேண்டும். நடந்து போய்த் திரும்பி வந்தவர்களையும் மனத்தில் வைத்துத்தான் அந்த இரண்டாவது தேதியைப் போட்டிருக்கவேண்டும். நியாயமான சட்டம்தான்.

இரண்டாவது வாசல், இந்தியப் பிரஜை ஆவது. நமது அரசியல் சட்டத்தின் 8-வது பிரிவு, பெற்றோரோ, பாட்டன் பாட்டியோ இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வாழ்பவர் அங்குள்ள இந்தியத் தூதரிடம் பதிவு செய்துகொண்டு பிரஜையாகலாம் என்கிறது. குடியரசு பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே, 1949 நவம்பர் 26-ஆம் தேதியே, இந்தப் பிரிவு அமலுக்கு வந்துவிட்டது.

மூன்றாவது வாசலை வாசல் என்று சொல்லுவதே தவறு. அது ஒரு தாழ்வாரம். அந்நியர் பதிவுச் சான்று. எப்.ஆர்.ஸி. என்பார்கள். வருஷா வருஷம் கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளவேண்டும். எந்த நாட்டுக்கும் சத்தியம் செய்து கொடுக்கவேண்டாம். எதையும் விட்டுக் கொடுக்கவும் வேண்டாம். இப்போதைக்கு இருந்துகொள்ளலாம்.

அந்த வீட்டில் ஓர் இரவு என்ன பேசியிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை.

“பேசாம பர்மாக்காரன்னே எழுதிக் குடுத்துடலாமான்னு பார்க்கிறேன். வருஷா வருஷம் போயி நிக்கிற தொல்லை இருக்காது.”

“எழுதிக் குடுத்துட்டா? நாளைக்கு ஊர்ல அத்தைக்கு ஒண்ணுன்னா, நீங்க எந்த ஊர்க்காரரா போயி நிப்பீங்க?”

“ஏன், போக விடமாட்டானா?”

“விடுவான், விடமாட்டான். அது யாருக்குத் தெரியும்? நிலத்தை யாரு பேர்ல வச்சிருக்கு? உங்க பேர்லதானே? அந்நிய நாட்டான் பேர்ல நிலம் இருக்கலாமோ, கூடாதோ. முதல்ல அதைக் கேட்டுக்கிட்டு வாங்க.”

கேட்டுக்கொண்டு வரக் கிளம்பியவர் யாரிடம் கேட்பார்? பக்கத்துக் கடைக்காரரிடம். அவரும் இதே கேள்வியைத்தான் வைத்துக்கொண்டிருப்பார். கடைசியில் இருவரும் எப்.ஆர்.ஸி. எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். முடிவு செய்யவேண்டிய அவசியத்தை ஒரு வருஷம் தள்ளிப் போட்டாயிற்று என்ற நிம்மதியோடு இரவு தூங்குவார்கள்.

பின்னால் வந்த சரித்திர ஆசிரியர்கள் சிலர் இதைப் பேராசை என்றார்கள். இரண்டு படகில் கால் வைத்தார்கள் என்று கண்டித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாயாரையும் கடையையும் ஒரே சமயத்தில் காப்பாற்ற நினைப்பதற்குப் பேராசை என்று பெயர் வைத்தால், பிறகு குடும்பம் என்பதற்கு என்ன பெயர் வைப்பது? மேலும், எல்லோரும் மனுப் போடாமல் இருந்துவிடவும் இல்லை. பர்மாப் பிரஜை ஆக விண்ணப்பித்தவர்களின் மனுக்கள் வருஷக்கணக்கில் முடிவில்லாமல் கிடந்தன. இரண்டு தலைமுறையாகப் பர்மாவையே நிரந்தர வாசஸ்தலமாகக் கொண்ட குடும்பத்தில், அங்கேயே பிறந்த பெற்றோருக்கு அங்கேயே பிறந்தவன் பிரஜைதான் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிற்று. சரி, அதற்கு அத்தாட்சி? அத்தாட்சி தமு கணவாயில் எங்கேயோ மழையில் நனைந்து மண்ணாய்ப் போயிருந்தது.

தாற்காலிகம் என்ற சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. அதைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால், அது நிரந்தரம் போலவே தோன்ற ஆரம்பித்துவிடும். ஒரு வருஷம், இரண்டு வருஷம், பத்து வருஷம். குழந்தைகள் பர்மிய மொழியில் சண்டை போட்டுக்கொண்டார்கள். தமிழில் சாமி கும்பிட்டார்கள். ரங்கூனுக்கு அருகே பீலிக்கானில் முனீசுவரருக்குத் திருவிழா எடுத்தார்கள். ஊருக்குப் போய்வரவேண்டுமானால் புறப்பட ஓர் அனுமதி, திரும்பி வர ஓர் அனுமதி. தொல்லைதான், ஆனால் பழகிப் போன தொல்லை.

இதே காலத்தில் இலங்கையிலும் இந்த நாடகம் நடந்துகொண்டிருந்தது. 1948-ல் இயற்றி 1949 நவம்பரில் அமலாக்கிய குடிவரவுச் சட்டத்தின் கீழ், கொழும்பில் கடை வைத்திருந்த இந்தியர்களுக்குத் தாற்காலிக வதிவிட அனுமதி கொடுத்தார்கள், டி.ஆர்.பி. என்பது அங்கே வீட்டு வார்த்தை ஆகிவிட்டது. தேயிலைத் தோட்டத்துத் தமிழருக்கோ அந்த அனுமதியும் இல்லை, பிரஜா உரிமையும் இல்லை. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயகாவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேர். அவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். மனிதர்களைப் பங்கு போட்டதில் மீதி வந்தது என்று கேட்டால் எப்படியோ இருக்கிறது. ஆனால் அதிலாவது ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது. பர்மாவில் அதுவும் இல்லை.

1962 மார்ச் 2-ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு பாங்குகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1964 வசந்தத்தில் கடைகள்! பெரிய கம்பெனிகளோடு நிற்கவில்லை. மளிகைக் கடை, துணிக்கடை வரைக்கும் வந்துவிட்டார்கள். கடை வாசலில் சர்க்கார் பலகை தொங்கியது. சாவியும் கணக்குப் புத்தகமும் அதிகாரியிடம் போயின. அந்த ஆண்டு மே 17-ஆம் தேதி, 50 க்யாட், 100 க்யாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பாங்கை நம்பாமல் பானைக்குள் பணம் வைத்திருந்தவர்களின் கதி என்னவென்று சொல்லவேண்டியதில்லை.

சட்டம் பர்மியருக்கும் அந்நியருக்கும் ஒன்றுதான் என்று ஜெனரல் சொன்னால், அது எழுத்தளவில் உண்மையே. பர்மியர் கடைகளும் போயின. ஆனால் பர்மியனுக்குக் கடை போனால் கடைதான் போயிற்று. எப்.ஆர்.ஸி. வைத்திருந்தவனுக்குத் தொழிலும் போய், இருப்பதற்குக் காரணமும் போய்விட்டது. அன்று ஓர் இரவு தள்ளிப் போட்ட முடிவை, 15 வருஷம் கழித்து, வேறொருவர் எடுத்துவிட்டார்.

இந்தியத் தூதரகத்து வாசலில் வரிசை நீண்டது. நாடு திரும்புவதற்கும் மனுப் போடத்தானே வேண்டும்! இந்திய சர்க்கார் தனிக் கப்பல்கள் ஏற்பாடு செய்தது. நகைக்கும் பணத்துக்கும் ரங்கூன் சுங்க அதிகாரிகள் கடும் வரம்பு வைத்தார்கள். 1964-லிருந்து நாலைந்து ஆண்டுகளில் பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்பது பொதுவான மதிப்பு. தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். பாட்டன் டெக் டிக்கெட்டோடு ஏறிய அதே சென்னைத் துறைமுகத்தில் பேரன் இறங்கினான். பாட்டனுடைய மூட்டையை விடப் பேரனுடைய மூட்டை பெரிதாக இருந்திருக்கும் என்று தோன்றவில்லை.

தாய்நாடு வரவேற்றது. வரவேற்றதோடு தேதியும் கேட்டது. 1963 ஜூன் 1-ஆம் தேதியோ அதற்குப் பின்போ பர்மாவிலிருந்து வந்த, ‘மெய்யான’ இந்திய வம்சாவளியினர் என்று நிரூபித்தால்தான் புனர்வாழ்வு உதவியும், சர்க்கார் உத்தியோகத்தில் வயதுச் சலுகையும். அந்த வாசகம் நெடுங்காலம் உத்தியோக விளம்பரங்களில் அச்சாகிக்கொண்டிருந்தது. பர்மாவில் அந்நியன் என்று நிரூபிக்கக் காகிதம் வைத்திருந்தவன், இங்கே அந்நியன் அல்ல என்று நிரூபிக்கக் காகிதம் தேடினான்.

ஊருக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் கால் காணி நிலத்தில் அண்ணன் தம்பி பிள்ளைகள் உழுதுகொண்டிருந்தார்கள். பணம் அனுப்புகிற வரையில் பர்மாக்காரர், கையை வீசிக்கொண்டு வந்தால் யார்? ஆகையால் பலர் நகரத்தின் வடக்கு ஓரத்திலேயே தங்கினார்கள். வியாசர்பாடியின் தாழ்ந்த நிலம், எண்ணூர்க் கடற்கரை மணல். திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 1955-லேயே வந்திருந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரி செய்துகொண்டிருந்தது. 1970-ல் அனல் மின்நிலையம் புகைவிட ஆரம்பித்தது. தொழிற்சாலை இருக்கும் இடத்தில் கூலி வேலையாவது கிடைக்கும், சோறு விற்கவாவது ஆள் கிடைக்கும். 1969 வாக்கில் துறைமுகத்தருகே நடைபாதையில் கடை போட்டவர்களுக்குப் பர்மா பஜார் அமைந்தது. வெளிநாட்டுச் சாமான் விற்கிறார்கள், கடத்தல் சாமான் என்று ஊரார் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே போய் வாங்கினார்கள். பீலிக்கான் முனீசுவரருக்கு வியாசர்பாடியில் கோயில் எழுந்தது. அவருக்கு மட்டும் யாரும் அனுமதிச் சீட்டுக் கேட்கவில்லை.

பர்மாவிலேயே தங்கிவிட்டவர்கள் என்ன ஆனார்கள்? 1982-ல் அங்கே புதிய பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. பிரஜைகளை மூன்று தரமாகப் பிரித்தார்கள்: முழுப் பிரஜை, இணைப் பிரஜை, இயல்புரிமைப் பிரஜை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டு முடிவு தெரியாமல் இருந்தவர்கள் இணைப் பிரஜைகள். முப்பத்து நான்கு வருஷம் காத்திருந்ததற்கு அரைப் பதில். பிறகு ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு நிறத்தில் அட்டை கொடுத்தார்கள்: இளஞ்சிவப்பு, நீலம், பச்சை.

இன்னும் ஒரு கூட்டம் உண்டு. அவர்களைப் பற்றிச் சென்னையில் அதிகம் பேர் அறியார். 1960-களின் நடுவில் இங்கே வந்து இறங்கியவர்களில் சிலருக்கு இந்த ஊர் பிடிபடவே இல்லை. பாஷை தமிழ்தான், ஆனால் வெயில் வேறு, சோறு வேறு, மனிதர் பேச்சு வேறு. ‘நம்ம ஊருக்கே போய்விடலாம்’ என்று கிளம்பிவிட்டார்கள். ‘நம்ம ஊர்’ என்றால் ரங்கூன்! ரயிலில் அஸ்ஸாம் வரை, அங்கிருந்து மணிப்பூர், 1942-ல் பெற்றோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேற்கு நோக்கி நடந்த அதே வழியில் பிள்ளைகள் கிழக்கு நோக்கிப் போனார்கள். எல்லையில் பர்மியச் சிப்பாய்கள் நிறுத்தினார்கள். முன்னே போக வழியில்லை. பின்னே வர மனமில்லை. மோரே என்ற அந்த எல்லைக் கிராமத்திலேயே குடிசை போட்டார்கள், கடை வைத்தார்கள், அங்காள பரமேசுவரிக்கும் முனீசுவரருக்கும் கோயில் கட்டினார்கள். மணிப்பூர் மலையடிவாரத்தில் தமிழ்ச் சங்கமும் இட்டலிக் கடையும் உண்டாயின.

கோயிலிலிருந்து பார்த்தால் பர்மா தெரியும். 1990-களில் எல்லை வர்த்தகம் முறையாகத் தொடங்கிய பிறகு, அந்தப் பக்கத்துத் தமு சந்தைக்குப் போய்வர வாசலில் சீட்டுக் கொடுத்தார்கள். காலையில் வாங்கிக்கொண்டு போக முடிந்தது. சாயங்காலம் வாசலை மூடுவதற்குள் திரும்பி வந்துவிடவேண்டியிருந்தது. இரவு தங்க அதில் அனுமதி இருக்கவில்லை.